காலால் பிறந்தவரின் இடுப்பு

1961 செப்டெம்பர் 4

இன்றும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் துணிக்கடை வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் ஹலீம் பிறக்கும்போது தலைக்கு முன் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று நோர்வூட்டைச் சுற்றி எல்லாத் தோட்டத்திலும் பேச்சு. “இதெல்லாம் மார்க்கத்துல இல்ல” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். மிதி வாங்கியவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு இடுப்பில் உடுத்த ஒரு சாரமாவது எடுப்பார்கள். நோகாத வியாபாரம்.

செப்டெம்பர் 7

தீபாவளித் துணிக்கட்டு வந்தது. லொறிக்காரன் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை இவருக்குப் பொறுமை இல்லை. தனியாகத் தூக்கினார். குனிந்தவர் குனிந்தவர்தான்.

செப்டெம்பர் 8

ஊரையெல்லாம் மிதித்தவரை இப்போது யார் மிதிப்பது? கேட்டேன். முறைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டேன். இருமினால் வலி தொடை வழியாகக் குதிகால்வரை இறங்குகிறதாம்.

செப்டெம்பர் 10

றொசல்லயில் செல்லசாமி என்று இன்னொரு காலால் பிறந்தவர் இருக்கிறாராம். ஆளனுப்பி வரவழைத்தார். ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்தவர் நல்ல கனம். முதலில் இருவரும் தொழில் பேசினார்கள், எந்தக் காலால் மிதிப்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று. பிறகு செல்லசாமி ஏறினார். இவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை நஸார் நானா ஓடிவந்தார். சுளுக்கு விடும்போது அப்படித்தான் கத்தும் என்று செல்லசாமி சமாதானம் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒரு சாரத்தோடு போனார்.

செப்டெம்பர் 11

இடது பாதம் தொங்குகிறது. பெருவிரலைத் தூக்குங்கள் என்றேன். வலது காலைத் தூக்கிக் காட்டுகிறார். இடது விரல் அசையவே இல்லை. யா அல்லாஹ், நான் சிரிச்சது குத்தமா? பயமா இருக்கு.

செப்டெம்பர் 12

கார் பிடித்து, பின் சீற்றில் கிடத்தி, அட்டன் டொக்டரிடம் கொண்டுபோனோம். காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தார், ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தார். முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே சின்னத் தலையணை மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதில் ஒன்று வெடித்து, உள்ளே இருக்கும் கொழகொழப்பு வெளியே வந்து, காலுக்குப் போகும் நரம்பை அமுக்குகிறதாம். நோய் இடுப்பில், கூப்பாடு காலில்.

“யாராவது மிதிச்சாங்களா?” என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

மெத்தை கூடாது, பலகையில் படுக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை. எண்ணெய், தடவல், மிதி எதுவும் ஆகாது. முக்கால்வாசிப் பேருக்கு அது தானாகச் சுருங்கிவிடும் என்றார். மூத்திரம் நின்றுபோனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு மாதத்தில் விரல் எழும்பாவிட்டால் கொழும்பு. கத்தி.

செப்டெம்பர் 20

கடையில் துணி விரித்துக் காட்டும் நீளப் பலகையைத்தான் கட்டிலில் போட்டோம். அதில் இப்போது இவரே விரிந்து கிடக்கிறார். நான் கடையில் துணி அளக்கிறேன். உள்ளிருந்து விலை கத்துகிறார். விலை எனக்குத் தெரியாதாக்கும்!

ஒக்டோபர் 3

விரல் அசையவில்லை. வீட்டில் கத்தி என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. வெங்காயம் நறுக்கக்கூட “அதை எடு” என்றுதான் கேட்கிறோம்.

ஒக்டோபர் 9

தோட்டத்து மாயாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். மொதலாளியே படுத்த படுக்கை என்று விரட்டப் பார்த்தேன்.

“அவுக மிதிக்க வேணாங்கம்மா. நானே முதுகக் கொண்டாந்து கால்ல வச்சிக்கிறேன்.”

சொன்னதோடு நிற்காமல் உள்ளே போய், பலகையின் கால்மாட்டில் உட்கார்ந்து முதுகை இடது பாதத்தோடு ஒட்டினான். இவருக்கு வெட்கம். “மாயாண்டி, அது செத்த கால்” என்றார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் சட்டையின் மேல் அந்தப் பெருவிரல் மெல்ல எழும்பியது. மறுபடியும் எழும்பியது.

“விட்டுருச்சுங்க” என்று மாயாண்டி எழுந்தான். நான் முந்தானையால் முகத்தை மூடி அழுதேன். தன் சுளுக்குக்காக ஒரு முதலாளி அம்மா இவ்வளவு அழுவாளா என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

ஒக்டோபர் 12

கத்தி வேண்டாமாம். அல்ஹம்துலில்லாஹ். பலகையின் பலன் என்கிறார் டொக்டர். மாயாண்டியின் முதுகு என்கிறார் இவர். மொதலாளியின் கால் என்று மாயாண்டி தோட்டமெல்லாம் சொல்லித் திரிகிறான்.

ஒக்டோபர் 28

கம்பூன்றி முதல் தடவையாகக் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வாசலில் தோட்டத்துச் சிவசாமியும் அவன் பெண்சாதி வேலாயியும். இடுப்பு சிவசாமிக்கு. இவர் செருப்பைக் கழற்றவில்லை. எலும்பு, தலையணை, கொழகொழப்பு, நரம்பு என்று டொக்டரைவிட நன்றாக விளக்கினார். மிதிப்பது ஆபத்து, பலகையில் ஒரு மாதம் படு என்றார்.

வேலாயி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“இவுக படுத்துட்டா காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல யாருங்க பேரு குடுக்குறது? பேரு இல்லாட்டி சம்பளம் இல்லீங்களே.”

இவர் என்னைப் பார்த்தார். ஒரு மாதம் இவர் படுத்துக் கிடந்தார், கடையில் நான் நின்றேன். அவர்களுக்கு யார் நிற்பது?

இவர் செருப்பைக் கழற்றினார். சிவசாமியைக் கீழே உட்காரச் சொல்லி, இடது பாதத்தை அவன் முதுகில் மெதுவாக வைத்தார். மிதிக்கவில்லை, வைத்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

விட்டுவிட்டது என்று சிவசாமி எழுந்தான். இடுப்பில் இருந்த கை இடுப்பிலேயே இருந்தது. ஒரு சாரம் கேட்டான். கொடுத்தேன்.