பூட்ஸா, செருப்பா?

என்னங்க,

ஜெயிச்சுட்டேன்! ராணுவத்துக்காரங்க மனைவிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ற பேராசிரியை, நாங்க சொன்னதையெல்லாம் நாடகமாக்குறாங்கன்னு எழுதியிருந்தேனே, நேத்து அரங்கேறிடுச்சு.

என் காட்சியில வசனமே இல்ல. வாசல் மணி அடிக்கும். கதவைத் திறக்காம, ஜன்னல் இடுக்கு வழியா வந்தவங்க காலைப் பார்ப்பேன், பூட்ஸா செருப்பான்னு.

"இது யாருக்கும்மா புரியும்?"னு பேராசிரியை அந்தக் காட்சியை வெட்டப் பார்த்தாங்க. "சாவுச் சேதி பூட்ஸ் போட்டுக்கிட்டுதான் வாசலுக்கு வரும், புரியவேண்டியவங்களுக்குப் புரியும்"னு ஒத்தைக் கால்ல நின்னேன்.

மணி அடிச்சதும் அரங்கத்துல இருந்த நம்ம பொம்பளைங்க அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. செருப்பு! கேஸ் சிலிண்டர்காரர்! ஒரே சிரிப்பு, அழுகை, கைதட்டல். உங்க கர்னலே எழுந்து நின்னு தட்டினார். எனக்குத் தலைகால் புரியல.

லீவுல வாங்க, நடிச்சுக் காட்டுறேன். மணி மட்டும் அடிக்காதீங்க. தெருமுனையிலிருந்தே என்னைச் சத்தமா கூப்பிட்டுக்கிட்டே வாங்க.

உங்கள் கதாநாயகி