முடுக்கு வழியாகப் போகவில்லை

காயல்பட்டினம்
சனிக்கிழமை

அன்புள்ள வாப்பாவுக்கு மகள் சுலைகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் உங்களிடம் “ம்” தவிர நான் எதுவும் பேசியதில்லை. அதனால் எழுதுகிறேன். துபாய் திரும்பும் காஜா முகைதீன் மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உம்மாவுக்கு ஆப்பரேஷன் செய்த இடத்தில் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படிதான் இன்னும் ஏற முடியவில்லை.

உங்கள் கூட்டாளி அகமது மீரான் சாச்சா துருக்கிக்குச் சுற்றுலா போனது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அந்த வாரம் நீங்கள் அங்கே போயிருக்க மாட்டீர்கள். அவர் அனுப்பிய வீடியோவைச் சாச்சி நம் வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் காட்டினார். பெரிய பள்ளிவாசல், பழங்காலத்தில் பாறையைக் குடைந்து கட்டிய வீடுகள், பள்ளத்தாக்குக்கு மேலே பறக்கும் பலூன்கள். ஆறாம் வகுப்பில் நான் நோட்டில் படம் ஒட்டிய இடம். உம்மாவையும் என்னையும் கூட்டிப்போவதாக நீங்கள் சொன்ன இடம். சாச்சா பலூனைத்தான் எடுத்திருக்கிறார். கூட்டத்தில் நின்றது யாரென்று கவனிக்கவில்லை. உங்கள் தோளில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு பெண். குழந்தை உங்களை வாப்பா என்று கூப்பிட்டது எல்லோருக்கும் கேட்டது. சாச்சி போனைச் சட்டென்று கவிழ்த்தார். உம்மா மட்டும், “அவங்க சாடைல வேற யாரோ. அவங்களுக்குத்தான் லீவே கிடைக்கலியே” என்றார்.

“லீவு கிடைக்காது, உம்மாவைப் பார்த்துக்க ஆள் வேணும், பத்தாங்கிளாஸ் எங்கயும் ஓடிராது” என்று நீங்கள் சொன்ன மறுநாள்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. நீங்கள் இங்கே மாப்பிள்ளையாக வந்தவர். நேற்று உம்மா உறங்கும்போது, மாடி அலமாரியிலிருந்த உங்கள் சட்டை, கைலி, தொழுகை விரிப்பு, நிக்காஹ் அன்று போட்ட கோட்டு எல்லாவற்றையும் இரண்டு பெட்டிகளில் அடைத்து உங்கள் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெண்கள் மட்டும் நடக்கும் ஒடுக்கமான முடுக்கு வழியாகப் போகவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும் நேரம், தள்ளுவண்டியில் வைத்து, தெரு நடுவே நானே தள்ளிக்கொண்டு போனேன். மெதுவாகவே போனேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. “என்ன புள்ளே, வாப்பா ஊருக்கு வாராகளா?” என்று வாசலுக்கு வந்த மாமி கேட்டார். “வந்தா இனி இங்கனதான் மாமி” என்றேன்.

உம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒவ்வொரு பெருநாளும் இந்தத் தெருவில் நீங்கள் தலைகுனிந்து நடக்க வேண்டும். ஊருக்கு வந்தால் நேரே மாமி வீட்டுக்குப் போங்கள். நம் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள், வாப்பா. தட்டினால் உம்மா திறந்துவிடுவார்.

உங்கள் மகள்
சுலைகா