மூன்று மூடி, நான்கு திறந்து

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

எழுத்து கோணலாக இருக்கிறதென்று பதறாதே, இடக்கையால் எழுதுகிறேன். போன மாதம் தகடு வெட்டும் இயந்திரத்தில் வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரல் தப்பித்தது, நீ சண்டைக்கு வர வழியில்லை.

பொழுது போக, அறையில் வெல்டர் அண்ணன் ஏழு சீட்டு போக்கர் சொல்லித் தந்தார். தீக்குச்சிதான் பந்தயம். மூன்று சீட்டை மட்டும் மறைத்துக்கொண்டால் போதும். மற்ற நான்கும் எல்லோரும் பார்க்கத் தரையில் திறந்து கிடக்கும். என் கைக்கு ஏற்ற ஆட்டம். நேற்று இரண்டு ராணிகளை வைத்துக்கொண்டு, மூன்றாவது வருமென்று கடைசிவரை உட்கார்ந்து தோற்றேன். அண்ணன் திட்டினார்.

"மிச்ச ரெண்டு ராணியும் எதிர்ல இருக்கறவன் முன்னாடி திறந்து கெடக்கு. உனக்கு எங்கேருந்துடா வரும்? பாத்ததுமே சீட்டைக் கவுத்துட்டு எந்திரிச்சிருக்க வேணாமா?"

கை ஆறியதும் கூப்பிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் உன்னிடம் மறைத்தேன். இன்று பட்டறையை எட்டிப் பார்த்தேன். என் இயந்திரத்தில் புது ஆள் நிற்கிறான். என் கையுறையைத்தான் மாட்டியிருந்தான். ஐந்து விரலும் நிறைந்திருந்தது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். எனக்குப் பொத்தான் போட வரவில்லை. பொத்தான் இல்லாத சட்டை இரண்டு தைத்து வை. அனுப்ப வேண்டாம், வந்து போட்டுக்கொள்கிறேன்.

உன்னவன்