உன்னைச் சுமந்தபோது வலிக்கவில்லை

மகன்,

காலையில் விரல்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அதே மூட்டுவலி எண்ணெய். வாசனை ஏறியதும் நீ குசினி வாசலில் நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு வெட்கமில்லை.

பிறகு உன் அக்கா வத்தளையிலிருந்து வந்தாள், கையில் மாதா கோயில் உறையோடு. நவம்பர் மாதமல்லவா, இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் மாதம் முழுக்கப் பூசையில் நினைப்பார்கள். அப்பாவின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே உன் பெயரைத் தொடங்கினாள். நான் பேனையைப் பறித்துவிட்டேன்.

"தம்பிக்கு ஒரு பூசையாவது வைக்க வேணாமா அம்மா? எத்தினை வருசம் இப்பிடியே இருக்கப் போறீங்க?" என்று அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவர்களோடு உன்னைச் சேர்க்க நான் விடுவதாக இல்லை. காரணம் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பாள். அந்தக் காரணத்தைத் தந்ததே நீதான்.

எங்கேயோ குண்டு வெடித்து உன் கம்பஸ் மூடியிருந்த கிழமை அது. கொட்டாஞ்சேனைத் தெருவெல்லாம் சோதனை. உன்னை வெளியே விடாமல் கதவைப் பூட்டி வைத்திருந்தேன். தேங்காய்ப்பால் பிழிய என் கை மடங்கவில்லை, நீ வாங்கிப் பிழிந்தாய். அக்கா பிறந்த பிறகு வந்த மூட்டு வருத்தம் இது. உன்னைச் சீண்டத்தான் சொன்னேன்: "நீ வயித்தில இருக்கேக்க மட்டும்தான் இந்தக் கை வலிக்கேல்ல. உன்னைப் பெத்த கையோட வலி திரும்பி வந்திட்டுது."

நீ பாலை விட்டுவிட்டுத் துள்ளினாய். "அம்மா, அதைத்தான் நாங்க படிக்கிறம்!"

இரத்தத்தில் ரி-கலம், ஆங்கிலத்தில் T cell, என்று இருக்கிறதாம். கிருமியைக் கண்டால் அடிப்பது அதன் வேலை. "அதிலேயே இன்னொரு வகை இருக்கு அம்மா, அடிக்கிறதை நிப்பாட்டுற வகை. அடிக்கிறதுகள் பெருக ஒரு சத்து வேணும். இதுகள் போய் அதை முதல்லயே உறிஞ்சிடும். போதும் எண்டு சேதியும் அனுப்பும். மற்றதுகள் அடங்கிடும்." என் மூட்டுகளில் இந்த அடக்கும் கலங்கள் சரியாக வேலை செய்வதில்லை, அதனால்தான் என் உடம்பே என்னை அடிக்கிறது என்றாய். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதைத் துரத்தாமலிருக்க அவை பெருகுமாம். அந்த அமைதியில் மூட்டும் ஆறியதாம்.

"துரத்துறதுக்கு நீ என்ன பிறத்தியாளா?"

"பாதி பிறத்தி. அப்பாட பாதி." கை முழுக்கத் தேங்காய்ப்பூவோடு சிரித்தாய். "இன்னுமொண்டு. பிள்ளையிட கலங்கள் கொஞ்சம் தாயிட ரத்தத்துக்குள்ள போய் வருசக்கணக்கா உயிரோட இருக்கும். உடம்பு அதுகளையும் துரத்தாது. இந்த அடக்கிற கலங்கள்தான் காக்குது போல, இன்னும் முழுசாத் தெரியாது."

"அக்காவுமா?"

"ஓம். அங்கயும் எனக்கு அவவோட சண்டைதான்."

அடுத்த மாதம் ஒரு பின்னேரம் கடைக்குப் பாண் வாங்கப் போனாய். யாரோ உன்னை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதைக் கண்டதாகத் தேநீர்க் கடைக்காரர் சொன்னார். மறுநாள் கேட்டபோது ஒன்றையும் காணவில்லை என்றார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பொலிசில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "அம்மே, கெதர யன்ன" என்று சிங்களத்தில் வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டுக்குத்தான் வந்தேன். வேறெங்கே போவேன்?

கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது, "கொஞ்சமா எடுங்க பிள்ளை" என்று தாதியிடம் கெஞ்சுவேன். ஊசிக்குப் பயந்த மனுசி என்று அவள் சிரிப்பாள். அந்தக் குழாயில் நீ எவ்வளவு போகிறாயோ என்றுதான் எனக்குப் பதைக்கும். உடம்பின் கொதிப்பை அடக்கத் தந்த குளிசைகளை ஒருநாளும் தவறவிட்டதில்லை. வலிக்காக இல்லை மகன். அடிக்கிறதுகள் எழும்பி உன்னையும் துரத்திவிடுமோ என்ற பயம். "அது அப்பிடியில்லை அம்மா" என்று நீ தலையிலடித்துக்கொள்வாய். வந்து சொல்லு, கேட்கிறேன்.

இன்று மத்தியானம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் வீங்கிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப தம்பிக்குப் பூசையே இல்லையா அம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். "நான் சாகிற அண்டைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து வையுங்கோ. அண்டைக்குப் புதைக்கிறதுக்கு அவன்ட உடம்பும் இருக்கும்."