பதினேழாம் எண்

ஜனவரி 11

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீ உன் தங்கை வீட்டில் நலமாகத்தான் இருப்பாய், அங்கே உனக்கென்ன குறை. போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, இந்தக் காலத்திலும் என்னைத் தபால்தலைக்கு அலைய வைத்துவிட்டாய்.

உன் அப்பா உனக்கென்று விட்டுப்போன பீரோ இன்னும் கூடத்தின் நடுவில்தான் நிற்கிறது. சோபாவுக்குப் போக வேண்டுமென்றால் அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன். படுக்கையறைக் கதவுக்குள் அது நுழையாது என்று நீ சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு நிற்கும்போதா சொல்வது? அந்தக் கோபத்தில், "மண்டையில களிமண்ணை வச்சுக்கிட்டு கணக்கு வாத்தியாருக்கே அளவு சொல்றியா" என்று கேட்டுவிட்டேன். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா? அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

கல்லூரியில் இந்தப் பருவம் முக்கோணவியலை ஆன்லைனில் நடத்தச் சொல்லிவிட்டார்கள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், ஒரு முகம் கிடையாது. மார்க் போடுவதில் பாரபட்சம் வரக் கூடாதாம், அதனால் பெயரும் கிடையாது, ஆளுக்கு ஓர் எண். சுவரோடு பேசுவது எனக்கொன்றும் புதிதில்லை. பதினெட்டு வருஷம் நீ பழக்கி வைத்திருக்கிறாயே.

யோசித்துப் பதில் எழுது.

உன் கணவன்


ஜனவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மாடிப்படிக் கைப்பிடி செய்யும் பட்டறை ஒன்றில் போன் எடுக்கும் வேலைக்குப் போகிறேன். வெல்டிங் சத்தத்தில் நானும் கத்த வேண்டியிருக்கிறது. என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே இப்போதுதான் தெரியும்.

வரைபடப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. ஏதாவது படித்துத் தேறினால் அது எனக்கு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது. ஆனால் நான் குஞ்சு இல்லை, உங்கள் மனைவி. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள், பார்த்துப் பேசுங்கள். அந்தக் கட்டங்களில் ஒன்றாவது வாய் திறக்கிறதா?

உங்கள் மனைவி


மார்ச் 2

அன்புள்ள மனைவிக்கு,

ஒன்று திறக்கிறது. எண் பதினேழு. யார் பெற்ற பிள்ளையோ! முதல் தேர்வில் வாங்கிய மார்க்கைச் சொன்னால் அவனுக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் விடவில்லை. ஒரே சந்தேகத்தை மூன்று முறை எழுதிக் கேட்டான். மூன்று முறையும் வேறு வேறு படம் போட்டு விளக்கினேன். நாலாவது முறை அவனே படம் போட்டு அனுப்பினான். எனக்கு அன்று முழுக்கப் பசியே இல்லை, போ.

போன வாரம் கேள். கொடிக்கம்பத்திலிருந்து இருபது மீட்டர் தள்ளி ஒருவன் நிற்கிறான், உச்சியை முப்பது டிகிரி கோணத்தில் பார்க்கிறான், உயரம் என்ன? கால்குலேட்டரைத் தட்டினேன். கழித்தல் நூற்றிருபத்தெட்டு மீட்டர் என்று வந்தது. நானும் மும்முரத்தில் அதையே எழுதிப் பாடத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அத்தனை பேரும் கம்மென்று இருக்கிறார்கள். பதினேழு மட்டும் எழுதுகிறான்: "சார், கம்பம் பூமிக்குள்ள போகுது. கால்குலேட்டர் டிகிரியில இருக்கா, ரேடியன்ல இருக்கான்னு ஒரு தடவை பாருங்களேன்." கோணத்தை அளக்க இரண்டு அளவுகள் உண்டு, நான் பொத்தானை மாற்றி வைத்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். எல்லார் முன்னாலும் "சபாஷ்" என்றேன்.

அந்தப் பக்குவத்தில் பத்தில் ஒரு பங்கு உனக்கு இருந்திருந்தால் பீரோ விஷயம் அன்றைக்கு இவ்வளவு ரகளை ஆகியிருக்குமா? படிப்பு என்று ஏதோ எழுதியிருந்தாய். இந்த வயதில் உனக்கு ஏன் அந்த வம்பு? வந்துவிடு.

உன் கணவன்


ஏப்ரல் 28

அன்புள்ள உங்களுக்கு,

இறுதித் தேர்வும் முடிந்து, நீங்கள் மார்க்கும் போட்டுவிட்டீர்கள். எண்பத்தாறு. அதனால் இப்போது சொல்லலாம், மார்க்குக்காகச் சொன்னதாக ஆகாது.

பதினேழு நான்தான்.

உங்களை ஏமாற்றச் சேரவில்லை. வரைபட நாற்காலிக்கு முக்கோணவியல் தேற வேண்டும், பட்டறை நேரத்துக்கு ஒத்துவந்தது அந்த ஒரு வகுப்புதான். பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்ததும் மூடிவிட்டேன். அப்புறம் மறுபடி திறந்தேன்.

இவ்வளவு காலம் உங்களோடு குடித்தனம் செய்திருக்கிறேன். நீங்கள் இத்தனை பொறுமைசாலி என்பது இந்தப் பருவத்தில்தான் தெரிந்தது. மூன்றாவது படத்துக்குக் கீழே "பரவாயில்லை, இது எல்லாருக்கும் தடுக்குகிற இடம்தான்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்து அழுதேன். பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். இந்த மனுஷன் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பதினேழிடம் பேசியதுபோல என்னிடமும் பேசுவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வந்துவிடுகிறேன். பீரோவைச் சுற்றிப் போகிற வழியை எனக்கும் காட்டுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி


மே 5

உனக்கு,

படித்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். யார் எழுதிக் கொடுத்தது? பட்டறையில் படம் வரைகிறவனா, உன் தங்கை புருஷனா?

உன்னை எனக்குத் தெரியாதா? தலையணைக்கு உறை தைக்க மூன்று தடவை அளவெடுத்தவள் நீ. யாரையோ திரைக்குப் பின்னால் உட்கார வைத்து என்னை வேவு பார்த்திருக்கிறாய். அப்படியானால் அன்றைக்கு அத்தனை பேர் எதிரில் என் கால்குலேட்டரைத் திருத்தியதும் நீதானா? ரொம்பத்தான் தைரியம். நானும் கேனையன் மாதிரி சபாஷ் வேறு போட்டிருக்கிறேன்.

கல்லூரி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். உன் மார்க்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 22ஆம் தேதி வாய்மொழித் தேர்வு. வேறோர் ஆசிரியை நடத்துவார், நானும் இருப்பேன். கேமராவில் முகம் தெரிய உட்கார வேண்டும். அதற்கு முன்னால் உண்மையை ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால், நடந்ததை நான் மறந்துவிடுகிறேன்.

உன் கணவன்


மே 24

ஆசிரியர் அவர்களுக்கு,

வாய்மொழித் தேர்வுக்கு முதலாளி தன் அறையை விட்டுக்கொடுத்தார். வெல்டர்கள் இரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்கள். அந்தப் பட்டறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் கேள்வியில் தடுமாறியதை நீங்களும் பார்த்தீர்கள். கூட்டல் வர வேண்டிய இடத்தில் கழித்தல் என்று சொல்லி, பிறகு திருத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் சரியாகவே வந்தது. கடைசியில் தேர்வு நடத்திய அம்மா, "படம் போட்டு அழகா சொல்றீங்களே, யாருகிட்ட படிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

"இதோ இருக்காரே மேடம், இவருகிட்டதான்" என்றேன்.

உங்கள் கேமரா அணைந்துவிட்டது. ஒரு சொல்லாவது வரும் என்று அந்தக் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவும் பார்த்தார்கள். பிறகு அவர்களே சங்கடப்பட்டு, எண்பத்தாறு அப்படியே இருக்கும் என்று சொல்லி முடித்தார்கள்.

யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டிருந்தீர்கள். எழுதியது நான், சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதற்கு நன்றி, இதை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் நல்ல வாத்தியார், எதிரில் இருப்பது நான் என்று தெரியாத வரைக்கும். களிமண் என்று நீங்கள் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். அந்த சபாஷைத் திருப்பி வாங்கிக்கொண்டீர்களே, அது ஆறாது.

வரைபடப் பிரிவில் திங்கட்கிழமை உட்காருகிறேன்.

நான் வரப்போவதில்லை. சனிக்கிழமை பட்டறை வண்டியும் ஆட்களும் வருவார்கள், என் பீரோவைக் கொடுத்து அனுப்புங்கள். படுக்கையறைக் கதவுக்குள்தான் அது நுழையாது. வாசல் கதவு அதற்குப் போதும்.

இப்படிக்கு,
பதினேழு