நான்கு கருணை மதிப்பெண்களைத் திரும்பப் பெறக் கோரி

அனுப்புநர்:
திருமதி அப்பொலின் ரெபெல்லோ (வயது 69),
காலஞ்சென்ற கஜேதான் ரெபெல்லோவின் மனைவி,
பெஜை, மங்களூர்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
மேலைக்கடற்கரைப் பல்கலைக்கழகம், மங்களூர்.

பொருள்: இளநிலைக் கணிதம், ஆறாம் பருவம், ‘திசையன் நுண்கணிதமும் கலப்பெண் பகுப்பாய்வும்’ தாள் – ஏழாம் கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தத் தாளில் நான் தோற்றுவிட்டதாகவும், வயதைக் காட்டி மதிப்பெண் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு அலைவதாகவும் கல்லூரியில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மையல்ல. எண்பதுக்கு இருபத்து நான்கு போட்டு, நான்கைக் கருணையாகச் சேர்த்து, தேர்ச்சிக்கு வேண்டிய இருபத்தெட்டை நிரப்பி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நான் கேட்காத கருணை அது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு கேட்கவே எழுதுகிறேன்.

2. எட்டுக் கேள்விகளில் நான்குக்குத்தான் விடை எழுதினேன். மூட்டுவலியால் விரல்கள் வேகமாக ஓடுவதில்லை. படிகளைத் தாவி எழுதும் பழக்கத்தைக் கான்வென்ட்டிலேயே அடித்துத் திருத்திவிட்டார்கள். எழுதாததற்கு மதிப்பெண் கேட்கவில்லை. எழுதியதற்குக் கேட்கிறேன்.

3. ஏழாம் கேள்வியின் இரண்டாம் பகுதியில், ஒரு வட்டப்பாதையில் கடிகாரத் திசையில் சென்று தொகையீடு காண வேண்டும். பாடநூல்களில் பாதை வழக்கமாகக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் செல்லும். திசையைத் திருப்பினால் விடையின் குறியும் மாறும், கூட்டல் கழித்தலாகும். வினாவைத் தயாரித்தவர் திசையைத் திருப்பினார், விடைக்குறிப்பில் குறியை மாற்ற மறந்துவிட்டார். நான் கழித்தல் குறியோடு எழுதினேன். எட்டுக்கு இரண்டு கிடைத்தது. விடைத்தாள் நகலில் என் கழித்தல் குறியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்கள். மையின் வாலைப் பார்த்தால், அந்த வட்டமே கடிகாரத் திசையில்தான் போடப்பட்டது என்று தெரிகிறது. நகலையும் வினாத்தாளையும் இணைத்துள்ளேன்.

4. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். அதே விடைக்குறிப்பை வைத்துப் பார்த்துவிட்டு, ‘மாற்றமில்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஜூலை 21 அன்று நேரில் வந்தேன். கண்காணிப்பாளர் திரு. உமாநாத் கோட்டியான் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், அதற்கு நன்றி. பிறகு, “அம்மா, அதான் பாஸாயிட்டீங்கல்ல? பேரப் புள்ளைங்களுக்கு ஸ்வீட் குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்! எந்தப் பக்கமா சுத்தினாலும் கோயில் ஒண்ணுதானே?” என்றார். அறையே சிரித்தது. கோயில் ஒன்றுதான். அவர் தம் ஊர்க் கோயிலை வரும் வெள்ளிக்கிழமை வலமாக அல்லாமல் இடமாகச் சுற்றிவிட்டு, பட்டர் என்ன சொன்னார் என்பதை எனக்குத் தெரிவிக்கட்டும்.

5. வகுப்பில் மற்ற இருபத்திரண்டு பேரும் பழக்கதோஷத்தில் கூட்டல் குறி போட்டு முழு மதிப்பெண் பெற்றார்கள். என் பக்கத்தில் உட்காரும் பிரதிக்ஷா பங்கேரா, “ஆண்ட்டி, ஒங்க ஒரு மைனஸுக்காக எங்க எல்லாரையும் மைனஸ் ஆக்கிடாதீங்க” என்றாள். அவர்களுக்குக் கொடுத்ததைக் குறைக்குமாறு நான் கேட்கவில்லை. குறிப்பின் தவறுக்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல. அவள் விடை தவறு என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

6. நட்சத்திரம் பெற்றவர்களுக்கு முதுநிலையில் இடமில்லை என்பது உங்கள் விதி. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 14. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் அலுவலகத்தில் ஆறுதல் சொன்னார்கள். தவறு என்னுடையதானால் காத்திருப்பேன். உங்களுடைய தவறுக்காக ஓர் ஆண்டைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

7. என் பக்கத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் கேள்வியில் ஸ்டோக்ஸ் தேற்றத்தைச் சரிபார்க்கும்போது ஆரத்தை வர்க்கப்படுத்த மறந்தேன். இரு பக்கமும் பொருந்தவில்லை. மணி அடிக்கப்போகிற அவசரத்தில், ‘ஆகவே இரண்டும் சமம்’ என்று எழுதி வைத்தேன். திருத்தியவர் கவனிக்காமல் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். அதில் இரண்டைக் குறைத்துவிடுங்கள்.

8. ஏழாம் கேள்வியில் ஆறு கூடும், மூன்றாம் கேள்வியில் இரண்டு குறையும், கருணை நான்கும் போகும். மீண்டும் இருபத்தெட்டே வரும். எண்ணை மாற்றும் சிரமம்கூடத் தங்களுக்கு இல்லை; நட்சத்திரத்தை எடுத்தால் போதும். ஏழாம் கேள்வியில் நான் எழுதியது பிழை என்று தங்கள் பேராசிரியர்கள் காட்டினால், கருணையை நீக்கி, நான் தோற்றதாகவே அறிவியுங்கள். நவம்பரில் மறுபடி எழுதுவேன்.

முடிவு எதுவானாலும், ஆகஸ்ட் 10ஆம் தேதிக்குள், காரணத்தோடும் தங்கள் கையெழுத்தோடும் எழுத்துமூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மங்களூர்
நாள்: ஜூலை 28

(ஒப்பம்)
அப்பொலின் ரெபெல்லோ
இளநிலைக் கணிதம், மூன்றாம் ஆண்டு