குண்டூசி வைத்த வாய்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. என் வலது ஆள்காட்டி விரலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். விரலுக்கு என்ன என்று பதறாதே, ஒரு கோட்டின் கையைச் சுருக்கித் தைக்கும்போது மெஷின் ஊசி நகத்தோடு இறங்கிவிட்டது, டாக்டர் கட்டுப் போட்டுப் பத்து நாள் நனைக்கக் கூடாது என்றிருக்கிறார். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். கையெழுத்து அவளுடையது, கோபம் என்னுடையது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. நான் அனுப்பும் குரல் செய்தியை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று அப்பா கண்டுபிடித்துச் சொன்னார். நான் மூச்சு வாங்க வாங்கப் பேசியது உனக்கு எலி கத்துகிற மாதிரி கேட்டிருக்கும். தாளை வேகமாக ஓட்ட முடியாது, அதனால்தான் தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சுண்டெலி, அதுதான் உன் தங்கை, எழுதும் கதையைப் பற்றித்தான். இந்த வார்த்தையை எழுதும்போதே பேனாவை வைத்துவிட்டு, வேண்டாம்மா, அண்ணன் கஷ்டப்படும் என்கிறாள். எழுதுடி என்றேன், எழுதுகிறாள். என் ஆபரேஷன் வருஷத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு, ஒரு ஆள் போய் இன்னொரு ஆள் வருவதற்குள் போனில் நாலு வரி நாலு வரியாக எழுதினாள். இதைக் கதை படிக்கிற செயலியில் போடலாம் என்று சொன்னவன் நீதான், அதை நான் மறக்கவில்லை. முகத்தைக் காட்ட மாட்டேன், பெயரைப் போட மாட்டேன் என்று அவள் அழுதபோது, சரி விடு, என் பேர்ல, என் போட்டோ போட்டு, என் நம்பர்ல ஆரம்பிச்சுடறேன், யார் கேக்கப்போறா என்று நீ சிரித்துக்கொண்டே செய்தாய். வெளிநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்தது, நாங்களும் யோசிக்கவில்லை. அன்றைக்கு அதைப் படிக்க ஆறு பேர், அதில் ஒருத்தி நான், எனக்கும் பாதி படிக்கும்போது தூக்கம் வந்துவிடும். இன்றைக்கு ஐம்பத்தெட்டு பகுதி முடிந்து, புருஷனை விட்டு வந்து லிஃப்ட் ஓட்டும் அவள் கதைப் பெண்ணை ஊருக்கெல்லாம் தெரிகிறது. மருந்துக் கடைக்காரர் மனைவி மாத்திரையை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், இந்த வாரம் லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னு சொல்லுங்க என்று கேட்கிறாள்.

அவள்தான் நீ பேசியிருக்கும் அந்த வீடியோவையும் காட்டினாள். உங்க பையன் பெரிய எழுத்தாளராமே, சொல்லவே இல்லையே, ரொம்ப அழுத்தம்மா நீங்க என்றாள். பார்த்தால் நீ, இஸ்திரி போட்ட சட்டையில், யாரோ ஒரு பையனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கல்லாப்பக்கம் நாலு பேர் நிற்கிறார்கள், நான் என்ன சொல்வேன். அந்தப் பையன் உன்னைக் கேட்கிறான், கதையில வர்ற தையல்காரம்மா லிஃப்ட்ல ஏறினா ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறாங்க என்று. நீ தாடையைத் தடவிக்கொண்டு, அது எங்கம்மாவைப் பாத்து எழுதினது, எங்கம்மா ரொம்ப அமைதியானவங்க என்கிறாய். கண்ணா, நானா அமைதி? உன் அப்பா அதைக் கேட்டுச் சிரித்ததில் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து நாலாம் பகுதியில் தெளிவாக எழுதியிருக்கிறாள், அந்த அம்மாள் பேசாததற்குக் காரணம் வாய் நிறைய குண்டூசி. மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டே ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஓடுகிறவள், உதட்டில் ஏழு எட்டு ஊசியைக் கடித்துக்கொண்டு யாருக்கு என்ன பதில் சொல்வாள்? இருபத்தைந்து வருஷமாக நான் அப்படித்தான் வேலை செய்கிறேன். நீ கேட்டதற்கெல்லாம் ம், ம் என்று சொன்னது அதனால்தான். நீயும் என் எதிரே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய், பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள். நீ எழுதவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதோடு நிறுத்தினாயா? முடிவு எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, லிஃப்ட் ஓட்டற பொண்ணு அவ புருஷன்கிட்டயே திரும்பிப் போயிடுவா, குடும்பம்தானே முக்கியம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாய். இப்போது படிக்கிறவர்கள் எல்லாம் எப்போது போவாள், எப்போது போவாள் என்று கேட்டு எழுதுகிறார்கள். அன்றோடு இவள் எழுத்து நின்றது, இன்றைக்குப் பதினேழு நாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், கடைக்குப் போ என்றால் போகிறாள், எழுதினியாடி என்று கேட்டால் மட்டும் துணி மடிக்கப் போய்விடுகிறாள். அந்தச் செயலியில் ஒரு வாரம் எதுவும் போடாவிட்டால் கதையைக் கீழே தள்ளிவிடுகிறார்களாம், மேலே எல்லாம் அரை நிமிஷ வீடியோ. இந்த இடைவெளியில் யாரோ ஒரு புண்ணியவான் ஐம்பத்தொன்பதாம் பகுதியைக் கதை எழுதும் கம்ப்யூட்டர் மெஷினை விட்டு எழுத வைத்துப் போட்டிருக்கிறான், ஒரு நிமிஷத்தில் எழுதிவிட்டதாம். ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துக் காட்டினார். எழுத்தெல்லாம் வழவழ என்றுதான் இருக்கிறது. ஆனால் தையல்காரம்மா லிஃப்டில் ஏறியதும் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறாள். ஊசியை எங்கே துப்பினாளோ தெரியவில்லை. நீயும் அந்த மெஷினும் ஒரே மாதிரிதான் என்று அப்போது தோன்றியது, சொன்னால் வருத்தப்படுவாய், ஆனாலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா உன் கட்சி. பையன் பேர் வந்தா என்ன, பொண்ணு பேர் வந்தா என்ன, எல்லாம் ஒரே வீடுதானே என்றார். சரி, நாளைக்கு நீங்க டிப்போவில பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை பாருங்க, ரிஜிஸ்டர்ல பக்கத்து வீட்டுக்காரர் பேரை எழுதட்டும், எல்லாம் ஒரே தெருதானே என்று கேட்டேன். அதிலிருந்து நாங்கள் இருக்கும் அறைக்குச் செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.

உனக்கு நான் துணிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்த காலம் நினைவிருக்கும். பதினோரு வருஷம். வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். முதலாளி கடையை விற்றுவிட்டார் என்று ஒரு காலையில் தெரிந்தது, புது ஆள் மெஷினைத் தூக்கச் சொன்னான், என் வீடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அளவு நோட்டு. இடுப்பு, தோள், கை நீளம், பக்கத்தில் போன் நம்பர். மூன்று வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வீட்டுக்கே வரவழைத்தேன். அதைத்தான் இவளுக்குச் சொன்னேன். அந்தச் செயலிக் கம்பெனிக்காரன் வாசலை இன்றைக்குத் திறப்பான், நாளைக்கு மூடுவான், வாசல் அவனுடையது, படிக்கிறவர்கள் உன்னைத் தேடி வந்தவர்கள், அவர்களை உன் நோட்டில் ஏற்றிக்கொள் என்றேன். கதைக்குப் பதில் எழுதியவர்களிடம் உங்கள் மெயில் முகவரி தர முடியுமா என்று இரண்டு வரி கேட்பதற்கு நாலு நாள் எடுத்துக்கொண்டாள், அனுப்பிவிட்டுத் தலையணைக்கு அடியில் போனை வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் இருநூற்றுப் பதினாறு பேர் கொடுத்திருக்கிறார்கள். மெத்தென்ற அட்டை போட்ட என் பழைய அளவு நோட்டில் மீதம் இருந்த பக்கங்களில் எல்லோரையும் எழுதி வைத்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு பகுதியையும் கடையில் மங்கலாக விழுந்து வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் அச்செடுத்தும் வைத்துவிட்டாள். முன்பக்கம் யாருடைய கரண்டு பில்லோ, பின்பக்கம் லிஃப்ட். தாளில் படித்ததில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கணக்கின் சொந்தக்காரர் கேமராவில் முகம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கதையைப் பூட்டிவிடுவோம் என்று கம்பெனி எழுதியிருப்பது உனக்கும் வந்திருக்கும். யார் முகம் காட்டுகிறார்களோ கதை அவர்களுக்கு, பிறகு மாற்ற முடியாது. மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் பாக்கறேம்மா என்றாய். போன வாரம், என் போட்டோதானே இருக்கு, நானே காட்டிட்டா ஒரு நிமிஷ வேலை என்றாய். அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்துவிடாதே. மாற்றித் தர வேண்டும் என்றால் பழைய ஆளும் புது ஆளும் ஒரே நேரத்தில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டுமாம், ஜெராக்ஸ் கடைக்காரர் முழுவதும் படித்துச் சொன்னார். இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு காலை பதினோரு மணி, எங்கள் நேரம், உன் நேரம் என்ன என்று நீயே பார்த்துக்கொள். இன்று பன்னிரண்டு. தபால் எட்டு நாளில் சேரும் என்று தபாலாபீஸ் அம்மா சொன்னாள், அதனால் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. அதற்குப் பிறகு அந்த வீடியோப் பையனுக்கும் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடு. வெட்கமாக இருக்கும், இருக்கட்டும், இரண்டு நாளில் போய்விடும். நீ கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். யாராவது பாராட்டினால் இல்லை என்று சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிக்கல் இருக்கிறது, அது நீ இல்லை. இவள் முகம் காட்ட மாட்டேன் என்கிறாள். அண்ணனே வெச்சுக்கட்டும்மா, எனக்கு எழுதினா போதும் என்கிறாள். எழுதவும் இல்லையேடி என்றால் பேனா மூடியைக் கடிக்கிறாள். பள்ளியை விட வைத்தவள் நான், இதையும் விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. நீ கூப்பிட்டுச் சொன்னால் கேட்பாள், உன் பேச்சைத்தான் கேட்பாள், அதிலும் எனக்குக் கோபம்தான்.

குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், நான் தைத்துக் கொடுத்த உள்கோட்டைப் போடு, பெட்டியில் வைத்திருந்தால் பூச்சி அரிக்கும். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலை எல்லாம் உன் பெயராலேயே உனக்குக் கூடி வர வேண்டும். ஞாயிறு, பதினோரு மணி.

இப்படிக்கு, இடது கையால் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா

அண்ணா, இது நான். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், உறையை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். இருக்கிறது. என் லிஃப்ட்காரப் பெண் புருஷனிடம் போக மாட்டாள். லிஃப்டை விட்டு இறங்கப் போகிறாள். எந்த மாடியில் என்று இப்போது உனக்கும் சொல்ல மாட்டேன், நீ யாரிடமாவது சொல்லிவிடுவாய். இந்தக் கடிதத்தை எழுதும்போது தாளுக்கு அடியில் இன்னொரு தாள் வைத்திருந்தேன், அம்மா மூச்சு விட நிறுத்தும்போதெல்லாம் அதில் எழுதினேன், ஐம்பத்தொன்பதில் பாதி முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வா.